மருந்தும் உயிரறிவும்

உயிர் அறிவுடைப் பொருள் என்பதும், அவ்வறிவு தானே விளங்காது கருவிகளின் துணைகொண்டே விளங்கும் என்பதும் சைவ சித்தாந்தத்தின் துணிபு. நூலோதும் அவையில் இத்துணிபு எளிதின் உடன்படப்படுகின்றது. ஆயின், ஒருவன் நாடோறும் உண்ணும் சிறு மாத்திரை அவனுடைய நினைவையும் சொல்லையும் கருத்தொருமையையும் மாற்றுதல் கண்கூடாகக் காணப்படுங்கால் கற்றவரும் கலங்குகின்றனர். அக்கலக்கத்தின் காரணத்தை ஆராய்ந்து, அதனின்று எழும் ஒழுக்கத்தையும் வரையறுத்தல் ஈண்டு எம் நோக்கம்.

விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையிலிருந்து சைவ அன்பர் ஒருவர் எமக்கு வினா ஒன்று விடுத்துள்ளார். அவர்தம் சகோதரியின் மைந்தர் சமய தீக்கை பெற்றவர். வலிப்பு நோய்க்கு மருந்துண்பவர். மருந்தினால் வலிப்பு நின்றது. ஆயின் முன்னர்த் தடையின்றி ஓதிய பதிகங்கள் இப்பொழுது நடுவே மறக்கின்றன. செபத்தின்கண் மனம் மந்திக்கின்றது. உறவின்முறைப் பெரியோர் சிலர், "இது வினைப்பயன், மருந்தை விட்டுத் திருநீறும் திருவைந்தெழுத்துமே துணையாக இரு, மந்தித்த புத்தியால் செய்யும் பூசை பயன்படாது" என்கின்றனர். கல்லூரியிற் பயின்ற இளைஞர் சிலரோ, "ஒரு மாத்திரையால் மாறும் அறிவு மூளையின் அறிவே, அதற்கு வேறாக உயிரென ஒன்று எதற்கு?" என்கின்றனர். இவ்விரு திறத்தார்க்கும் விடை யாது என்பதே வினா. இருவர் கூற்றும் தம்முள் மாறுபட்டனவாகத் தோன்றினும் இரண்டிற்கும் வேர் ஒன்றே. அது கருவியை உயிரென மயங்குதலாம்.

முதற்கண் நோயின் இயல்பையும் மருந்தின் செயலையும் உள்ளவாறு அறிதல் வேண்டும். மூளையிலே எண்ணிறந்த நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்புக்களால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன. அத்துடிப்புக்கள் வேண்டுமிடத்து எழுந்து வேண்டாவிடத்து அடங்கும் ஒழுங்குடையன. அணுக்களுள் ஒரு கூட்டம் அடக்கமின்றி ஒருங்கே துடித்து, அத்துடிப்பு அயலிலும் பரவுமாயின் அதுவே வலிப்பாம். பட்டாசுத் தொழில் நிகழும் பகுதியார்க்கு இதனை விளக்குதல் எளிது. சரவெடியில் ஒரு வெடியின் தீ அடுத்த வெடியின் திரியைப் பற்றி ஓடுமன்றே? இடையிடையே திரியைச் சிறிது நனைத்துவிடின் அத்தீ ஓடாது நின்றுவிடும். மருந்தின் செயலும் ஏறக்குறைய இத்தகையது. பெனிட்டாயின், கார்பமசெப்பின் என்பன நரம்பணுவின் சோடிய வாயில்கள் மீண்டும் மீண்டும் விரைந்து திறவாதபடி தடுக்கின்றன. பீனோபார்பிட்டால், மூளையில் இயல்பாகவே உள்ளதும் துடிப்பை அடக்குவதுமாகிய காபா என்னும் பொருளின் ஆற்றலை மிகுவிக்கின்றது. நனைந்த திரி, ஏற்கவேண்டிய தீயையும் சிறிது தாழ்த்தே ஏற்கும். அதுபோல, வலிப்பின் ஓட்டத்தைத் தடுக்கும் மருந்து, எண்ணத்திற்கும் நினைவிற்கும் வேண்டிய துடிப்பினையும் ஒரோவழிச் சற்றே தாழ்த்துகின்றது.

இம்மருந்துகளின் வரலாறும் இதனையே காட்டும். 1857-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சார்லசு லோகாக் என்பார் புரோமைடு உப்பினால் வலிப்பு அடங்குதலை எடுத்துரைத்தார். அவ்வுப்பு வலிப்பை அடக்கியதோடு உண்டாரை மந்தராக்கவும் செய்தது. 1912-ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் ஆல்பிரட் ஹௌப்ட்மன் பீனோபார்பிட்டாலின் பயனை வெளியிட்டார். 1938-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களாகிய மெரிட், புட்னம் என்னும் இருவர் பெனிட்டாயினைப் பயன்படுத்தி, வலிப்பைத் தடுத்தற்கு உறக்கமூட்டுதல் இன்றியமையாததன்று என நிறுவினர். அதன்பின் வந்த மருந்துகள் பல. அவற்றுள் டோப்பிராமேட் சிலரிடத்துச் சொல் வாய்க்கு வாராத தடையை விளைக்கும். லெவெட்டிராசெட்டம் அறிவை அத்துணை மந்திக்கச் செய்யாதெனினும் சிலரிடத்து எரிச்சலையும் சினத்தையும் எழுப்பும்.

மூளையின் மின்னலைகளை மனிதரிடத்து முதன்முதல் பதிவு செய்தவர் செருமானியராகிய ஹான்சு பெர்கர். அவர் 1924-இற் பதிந்ததனை 1929-இல் வெளியிட்டார். விழித்துக் கண்மூடி அமைதியாக இருப்பாரிடத்தில் நொடிக்கு 8 முதல் 13 வரை எழும் அலையொன்று உண்டு. பெனிட்டாயின், கார்பமசெப்பின் முதலியன உண்பார் பலரிடத்து அவ்வலை சிறிது மெதுவாகின்றது. இன்னும், ஒரே தன்மைய ஒலிகளிடையே எதிர்பாராத வேறோர் ஒலி கேட்பின், நொடியைப் பத்துக் கூறாக்கியதில் ஏறக்குறைய மூன்று கூறு கழிந்தவிடத்து மூளையில் ஓர் அலை எழுதலை 1965-ஆம் ஆண்டிற் கண்டனர். வலிப்புடையாரிடத்து, சிறப்பாகப் பல மருந்துகளை ஒருங்குண்பாரிடத்து, அவ்வலை தாழ்த்தெழுதலை ஆய்வுகள் பல காட்டின. 1990-ஆம் ஆண்டில், காய்ச்சலால் வலிப்புற்ற 217 இளங்குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள், பீனோபார்பிட்டால் பெற்ற குழந்தைகளின் அறிவுத்தேர்வு எண் மற்றையோரினும் குறைந்தமையையும், மருந்தை நிறுத்திச் சில திங்கள் கழிந்தும் அக்குறைவு முற்றும் நீங்காமையையும் வெளியிட்டனர். ஆயின் 1998-ஆம் ஆண்டில், மேற்கு வங்காளத்துச் சிற்றூர்களில் வலிப்புடைய 94 சிறாரிடத்துச் செய்த ஆய்வில், பெனிட்டாயினை நோக்கப் பீனோபார்பிட்டால் நடத்தைக் கேட்டினை மிகுவித்ததாகக் காணப்படவில்லை. அடங்காத வலிப்புத் தானும் நினைவைச் சிதைக்கும் என்பதும் மறக்கற்பாலதன்று. ஆகவே, மருந்து அறிவை மந்திக்கச் செய்தலும் உண்டு. வலிப்பைத் தடுத்து அறிவைக் காத்தலும் உண்டு. இன்ன அளவு என்பது மருந்தையும், அதன் அளவையும், உண்பாரையும் பொறுத்தது.

இது நிற்க. இனி உலகாயதர் வழிநின்று பேசும் இளைஞர்க்கு விடை கூறுதும். கருவியின் மாற்றம் செயலின் மாற்றத்தைக் காட்டுமேயன்றிக் கருவியே கருத்தா என்பதைக் காட்டாது. யாழின் நரம்பு தளர்ந்தவழி இசை கெடும். அதுபற்றி யாழே பாணன் என்பார் இலர்.

அற்றன்று, யாழின் வேறாகப் பாணனைக் காண்கின்றோம். மூளையின் வேறாக உயிரைக் காண்கிலோமே எனின், காணுமாறு கூறுதும். மருந்துண்டவன், "முன்பு என் நினைவு தெளிவாக இருந்தது; இப்பொழுது மந்தித்தது" என்கின்றான். முந்தைத் தெளிவையும் இப்போதை மந்தத்தையும் ஒருங்கு வைத்து ஒப்புநோக்குவது யாது? மந்தித்த நினைவே தன் மந்தத்தை அளந்ததெனின், அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒன்றாகி அளவை நிகழாது. மூளையின் வேறொரு பகுதி அளந்தது எனின், "என் நினைவு" என்பதுபோல "என் மூளை" என்றும் அவன் உடைமையாகக் கூறுதலின், அப்பகுதியும் அறியப்படும் பொருளே ஆகும். அறியப்படுவனவெல்லாம் அறிவானுக்கு வேறு. சிவஞான போதத்து மூன்றாஞ் சூத்திரம் உயிரின் உண்மையை நிறுவுதற்கும், நான்காஞ் சூத்திரம் அவ்வுயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று எனத் தெளிவித்தற்கும் எழுந்தன என்பதை ஈண்டு நினைவுகூர்க. மருத்துவர் கருவி, அலை தாழ்த்தெழுந்த காலத்தை அளக்கும். ஒலியைக் கேட்ட அனுபவத்தை அளவாது. அவ்வனுபவத்தைக் கேட்டவன் சொல்லவே அவர் அறிவர்.

மேலும், இம்மருந்துகளின் செயல் சித்தாந்தத்திற்கு இடையூறாதற்கு மாறாகச் சான்றாகின்றது. என்னை? உயிர் எஞ்ஞான்றும் தானே விளங்கும் தூய அறிவு எனக் கொள்ளும் மதத்தார்க்கன்றே, மாத்திரையால் அறிவு மந்தித்தல் விடையிறுத்தற்கரிய தடையாம். ஆணவத்தால் மறைப்புண்ட உயிர், மாயையின் காரியமாகிய தனுகரணங்களைப் பெற்ற அளவிற்கே அறிவு விளங்கப்பெறும் என்பது நம் கொள்கை. நனவின்கண் முப்பத்தைந்து கருவிகளோடும், கனவின்கண் இருபத்தைந்தோடும், உறக்கத்தின்கண் மூன்றோடும், பேருறக்கத்தின்கண் இரண்டோடும், உயிர்ப்படக்கத்தின்கண் ஒன்றோடும் உயிர் நிற்கும் என ஐந்தவத்தைகளை நம் ஆசிரியர் வகுத்தனர். கருவி குறையக் குறைய அறிவு குறைந்து விளங்குதலும், உயிர் கெடாது நின்று மீண்டும் நனவிற்கு வருதலும் ஆண்டு உடன்பாடேயாம். வலிப்பின் மயக்கம் இவற்றுள் இன்னதெனத் துணிந்து கூற யாம் புகவில்லை. மயக்கம் தெளிந்தவன், "நிகழ்ந்தது ஒன்றும் யான் அறியேன்" எனத் தன் அறியாமைக்குத் தானே சான்றாதல் ஒன்றே ஈண்டைக்கு அமையும்.

ஈண்டு ஒரு வேறுபாடும் கருதத்தக்கது. மூளை பூதகாரியமாகிய தூலவுடம்பின் உறுப்பு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்பன நுண்ணிய தத்துவங்கள். மருந்து தாக்குவது தூலவுறுப்பையே. நுண்கருவிகள் அவ்வுறுப்பை இடமாகக் கொண்டு தொழிற்படுதலின், இடம் கெட்டவழி அவற்றின் தொழிலும் தடைப்படுகின்றது. மூளையும் அந்தக்கரணமும் ஒன்றென உரைத்துப் புதுமை காட்டுதல் நூற்கருத்தன்று. இரண்டிற்கும் தொடர்பே இல்லையென மறுத்தலும் உண்மையன்று.

இனி, வினைப்பயன் என்று மருந்தை விலக்குவார்க்கு விடை கூறுதும். நோய் பிராரத்தம் என்பதை யாம் மறுக்கின்றிலோம். ஆயின் பசியும் பிராரத்தமே. அதுபற்றி உண்ணாதிருப்பார் யாவர்? உணவு கிடைத்தலும் வினைவழியே எனின், மருத்துவனும் மருந்தும் கிடைத்தலும் அவ்வழியே என்க. ஊழ் உயிர்க்கு வருங்கால் ஆதிதைவிகம், ஆதிபௌதிகம், ஆத்தியான்மிகம் என்னும் வாயில்களால் வருமென நம் நூல்கள் வகுத்தன. வேலூர் மாவட்டத்தில் நிகழ்த்தி 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, ஆண்டு வலிப்புற்றாருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர்க்கு நாடாப்புழுவின் இளநிலை மூளையில் தங்கியதே காரணம் எனக் காட்டிற்று. அப்புழுவின் முட்டை மனிதர் மலத்தால் மாசுற்ற நீரினாலும் கழுவாத காய்கறிகளாலும் கைகளாலும் வயிற்றிற் புகுவது. ஆதலின் புலால் உண்ணாத சைவரையும் அது விடாது. வினை இவ்வாயிலால் வருமாயின், அவ்வாயிலை அடைத்தல் சிவாபராதமாமோ? கைகழுவுதலும் மருந்துண்ணுதலும் ஒருதன்மையனவே.

நம் சமய வரலாற்றினும் இதற்குத் தெளிவான சான்று உண்டு. திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லி மழவனுடைய மகள் முயலகன் என்னும் நோயால் உணர்வழிந்து கிடந்தாள். வடமொழியில் அபஸ்மாரம் என வழங்குவதும் கூத்தப்பெருமான் திருவடிக்கீழ்க் கிடப்பதும் அப்பெயரே. அவளைக் கண்ட திருஞானசம்பந்தப் பிள்ளையார், இஃது இவள் செய்த வினையெனக் கூறி அகன்றாரல்லர். இப்பெண்ணை வருத்துதல் பெருமானுக்குத் தகுமோ என்னும் கருத்தமைய அவ்விறைவனையே வினவிப் பாடினார், நோய் நீங்கிற்று. பின்னர்த் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைப் பனிச்சுரம் பற்றியபோது அவர் அருளிய திருநீலகண்டப் பதிகத்தின் முதற்பாட்டு, இன்ன வினைக்கு இன்ன பயன் எனச் சொல்லிக்கொண்டு உய்யும் வழி நாடாதிருத்தல் குறையென்னும் கருத்தினது. அஃதேல், பதிகமே அமையும். மருந்து எற்றுக்கு எனின், பதிகத்தைக் கைவிடுக என யாம் கூறவில்லை. ஓதுதலும் மருந்துண்ணுதலும் தம்முள் பகையல்ல. காளத்தியில் பெருமான் திருக்கண்ணில் உதிரம் பெருகக் கண்ட கண்ணப்பர் முதற்கண் செய்த மருத்துவம் யாது? பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்தமையே. தம் கண்ணை இடந்தப்பியது அதன் பின்னரேயாம். கண்ணிடத்தற்கு முன் அன்பு நாடியது மருந்தேயாயிற்று.

முயலகன் என்னும் பெயரால் மற்றுமொரு மயக்கம் உண்டு. திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகன் ஆணவ மலத்தின் குறி எனக் கேட்டவர், அந்நோயுடையாரை மலம் மிக்கார் எனக் கருதி ஒதுக்குகின்றனர். ஆணவம் எல்லா உயிர்க்கும் பொது. நோயற்றவன் அதனின் நீங்கினானல்லன். உடலில் துடிப்பு மிக்கான் ஒருவனை மலத்தின் உருவமாகக் காண்பவனே அம்மலத்தின் மறைப்பில் ஆழ்ந்தவன். நாட்டுச் சட்டமும் இம்மயக்கத்தினின்று நீங்கப் பல்லாண்டு ஆயிற்று. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் வலிப்பு நோயை மணத்திற்குத் தடையாக வைத்திருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தமே அச்சொல்லை நீக்கிற்று. சட்டம் நீக்கியதனை நம் இல்லங்கள் இன்னும் நீக்காமை வருந்தற்குரியது.

மந்தித்த புத்தியால் செய்யும் பூசை பயன்படாது என்னும் கூற்றை இனி நோக்குவோம். கருவி ஒன்றுமின்றிக் கேவலத்தில் உயிர் அறியாமையே வடிவாகக் கிடந்த நாளிலும் இறைவன் அதனை நீங்கினானல்லன். கருவி கொடுத்து எடுத்தவன் அவனே. அவ்வாறிருக்க, கருவி சிறிது மந்தித்தமை பற்றி அவன் அருள் குறையும் என்றல் நூலறியார் கூற்று. பத்துப் பதிகம் ஓதினான் ஒருவன் மருந்தினால் ஒன்றையே ஓத வல்லனாயின், அவ்வொன்றே அவனுக்குப் பத்தாம். நினைவு தவறுமாயின் ஏட்டை நோக்கி ஓதுக. மந்தித்த மனத்தை மீண்டும் மீண்டும் இழுத்துத் திருவடியில் நிறுத்துதல், தெளிந்த மனத்தான் செபத்தினும் உழைப்பு மிக்கதொரு தொண்டாம்.

மருந்தால் எழும் சினத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். அச்சினத்தால் ஆகாமியம் ஏறுமோ எனின், தன் இயல்பின் வேறாய் எழுந்த கொதிப்பிற்கும், விரும்பி வளர்த்த பகைக்கும் வேறுபாடு உண்டு. ஆயின் கொதிப்பினை அறிந்தபின் மருத்துவரிடம் உரையாது மறைத்து மனையாளையும் மக்களையும் வருத்துவானாயின், அம்மறைப்பு அவன் செயலே. குடும்பத்தாரும் அதனை மருந்தின் குறையென உணர்ந்து பொறுத்தல் வேண்டும்.

இனி ஒழுக்கத்தை வரையறுப்போம். மந்தம் தோன்றிற்று என்று மருந்தைத் தானே நிறுத்துதல் கூடாது. திடீரென நிறுத்தியவழி வலிப்பு ஓயாது தொடர்ந்து உயிர்க்கே இறுதி பயத்தலும் உண்டு. மந்தத்தை மருத்துவரிடம் மறையாது உரைத்தலே முறை. அளவைக் குறைத்தல், பல மருந்தை ஒன்றாக்குதல், வேறு மருந்துக்கு மாற்றுதல் ஆகிய வழிகள் அவரிடத்து உள்ளன. மந்தத்தைப் பொறுத்துக்கொண்டு வாளா இருத்தலும் மருந்தை எறிதல் போன்ற பிழையே. இறைவன் தந்த கருவியை இயன்ற அளவு தெளிவாக வைத்தல் நம் கடன்.

மகாசிவராத்திரியில் நான்கு யாமமும் விழித்தல் இந்நோயுடையார்க்கு ஆகாது. உறக்கம் இழத்தல் வலிப்பினைத் தூண்டும். முதல் யாம பூசை கண்டு, மருந்துண்டு உறங்குக. நோன்பு நாளிலும் மருந்து வேளை தவறலாகாது. தெப்பக்குளத்திலும் ஆற்றிலும் தனியே நீராடலாகாது. கருவுறும் பருவத்துப் பெண்டிர் வால்ப்ரோயேட் மருந்து பற்றி மருத்துவரை முன்னரே வினவல் வேண்டும். கருப்பகாலத்தில் அதனையுண்ட தாயரின் மக்கள் 6 வயதில் அறிவுத்தேர்வில் சராசரி 97 எண் பெற, லாமோட்ரிஜின் உண்ட தாயரின் மக்கள் 108 பெற்றனர் என 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க, பிரித்தானிய மருத்துவர்கள் வெளியிட்டனர். அஞ்சி மருந்தைத் தாமே விடுதல் தாய்க்கும் சேய்க்கும் கேடாம்; முன்னரே வினவி மாற்றுதலே நெறி. வலிப்பு வந்தவழி இரும்பைக் கையிற் கொடுத்தலால் பயனில்லை. ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் ஒன்றும் இடாது, அடிபடாமற் காத்து நிற்க. 5 நிமிடத்திற்கு மேலும் நில்லாதாயின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர்ப் பகுதியார்க்குத் தனியே ஒன்று கூறுவோம். ஆண்டு 'மருந்து' என்னும் சொல் வெடிக்கலவையையும் குறிக்கும். மருந்து கலக்கும் அறையில் ஒரு நொடி மயங்கினும் தானேயன்றி அருகிருப்பாரும் மாய்வர். கூலி போமென அஞ்சி நோயை மறைத்து அவ்வறையுட் புகுதல் பிறர் உயிர்மேல் வைத்த பணயமாம். அது தகாது என நோயாளிக்கு உரைப்பார், உண்மை உரைத்தவனைப் பட்டினியில் தள்ளலாகாது எனத் தொழில் நடத்துவார்க்கும் உரைத்தல் வேண்டும். பெட்டி ஒட்டுதல், கணக்கெழுதுதல் முதலாகத் தீயின் நீங்கிய தொழில்கள் உள. உண்மை பேசினார்க்குச் சோறு உண்டு என்னும் உறுதி ஊரில் இருந்தாலன்றி, உண்மை பேசுக என்னும் உபதேசம் வறியார்மேல் ஏற்றிய சுமையாகவே முடியும்.

உலகில் ஏறக்குறைய 5 கோடி மக்கள் இந்நோயுடையர் என்றும், தக்க மருத்துவம் பெறின் அவருள் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ்தல் கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மருந்தும் மாயையின் காரியம். மூளையும் மாயையின் காரியம். ஒன்று மற்றொன்றைத் திருத்துதலும் மந்திக்கச் செய்தலும் கருவியுலகின் நிகழ்ச்சிகளே. அவற்றைக் கண்டு உயிர் இல்லையென்றலும், அவற்றுக்கு அஞ்சி உடலைப் புறக்கணித்தலும் சித்தாந்தச் சைவர்க்கு ஆகா. விளக்கைத் தூண்டுவான் சுடரைத் தான் ஆக்குகின்றான் அல்லன்; ஆயினும் தூண்டாது இருளில் இருத்தல் அவன் குற்றமே. மடாலயங்களில் உபதேசிக்கும் பெரியோர்கள் தம்பால் வரும் நோயுற்ற அன்பர்க்குத் திருநீறு அளிக்குங்கால், "மருந்து வேளை தவறாதே" என ஒரு சொல்லும் சேர்த்து அருளுவாராயின், அச்சொல் ஓருயிரைக் காத்தலும் கூடும்.

திருச்சிற்றம்பலம்.